தேக்காவில் தமிழ் பேசலாம், அதற்கு அப்புறம்?

"சிங்கப்பூர் போகிறோம்" என்றதும் எங்கள் தெருவில் எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். "அங்கதான் தமிழ் இருக்கே, உங்களுக்கென்ன கவலை!" பாதி உண்மைதான். ரயில் நிலையப் பெயர்ப்பலகையில் தமிழ் இருக்கிறது. ரயிலில் அறிவிப்பு தமிழிலும் வருகிறது. கையில் வாங்கும் பணத்தாளிலேயே ‘சிங்கப்பூர்’ என்று தமிழில் அச்சடித்திருக்கிறார்கள். ஆனால் முதல் தடவை போகிறவர்கள் திணறுவது மொழியால் அல்ல, அந்த ஊரின் நடைமுறையால். எந்த வரிசையில் நிற்பது, எந்த மேசையில் உட்காருவது, எந்தப் பொருளைப் பையில் வைக்கக் கூடாது என்பதையெல்லாம் யாரும் ஒலிபெருக்கியில் சொல்வதில்லை. தஞ்சாவூரிலிருந்து அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்வந்ததில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது, சர்க்கரை உண்டு. அடுத்து வருகிற பல விஷயங்களுக்கு அதுதான் காரணம்.

முதலில் காகித வேலை. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டும். அரசு கட்டணம் 30 வெள்ளி (டாலரை அங்குள்ள தமிழர்கள் வெள்ளி என்பார்கள், சென்ட்டைக் காசு என்பார்கள்). அங்கீகரிக்கப்பட்ட முகவர் மூலமாக விண்ணப்பித்தால் அவருடைய கூலி தனி. அதற்கப்புறம் வருகை அட்டை. ‘எஸ்ஜி அரைவல் கார்டு’ என்பார்கள். போய் இறங்கும் நாளோடு முடிகிற மூன்று நாளுக்குள், சிங்கப்பூர் குடிநுழைவு ஆணையத்தின் (ஐசிஏ) தளத்தில் நிரப்ப வேண்டும். இது முழுக்க இலவசம். தேடினால் முதலில் வந்து நிற்பது பெரும்பாலும் பணம் கேட்கும் தனியார் தளங்கள்தான், அரசுத் தளம் மாதிரியே இருக்கும். கார்டு நம்பர் கேட்டால் உடனே மூடிவிடுங்கள்.

மின்னஞ்சல் முகவரி கேட்கும் இடத்தில், அங்கே போன பிறகும் உங்களால் திறந்து பார்க்க முடிகிற ஒன்றைக் கொடுங்கள். பாஸ்போர்ட்டில் இப்போது முத்திரை குத்துவதில்லை. எத்தனை நாள் தங்கலாம் என்பது மின்னஞ்சலில்தான் வருகிறது. விசாவில் போட்டிருக்கும் கெடு வேறு, தங்க அனுமதிக்கும் நாள் வேறு. இதைக் குழப்பிக்கொண்டு கூடுதலாகத் தங்கினால் அது அங்கே குற்றம்.

பெட்டி கட்டும்போதுதான் வீட்டில் பெரிய வாக்குவாதம். எதிர்வீட்டு அத்தை, சிங்கப்பூரில் ஈசூன் வட்டாரத்தில் இருக்கும் என் சித்தப்பா மகனுக்காகக் குருமாப் பொடி அரைத்துக் கொடுத்தார். அதில் கசகசா. நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் சாதாரணமாகக் கிடக்கும் கசகசாவை சிங்கப்பூருக்கு முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோகக் கூடாது. அது அபின் செடியின் விதை என்பதால் போதைப்பொருள் தடுப்புப் பிரிவின் கட்டுப்பாட்டில் வருகிறது. அத்தைக்கு இதை நம்பவைக்கவே அரை நாள் ஆனது. சூயிங்கம் விற்பதற்கும் கொண்டுவருவதற்கும் 1992 முதலே தடை. மெல்லும் புகையிலை, குட்கா, மின் சிகரெட் எதுவும் கூடாது. சிகரெட்டுக்கு வரிச் சலுகை கிடையாது, ஒரு பாக்கெட் இருந்தாலும் சொல்லி வரி கட்ட வேண்டும்.

மருந்து கொண்டுபோகலாம். சொந்த உபயோகத்துக்கு மூன்று மாதத்துக்கு மேற்படாத அளவு, மருந்துச் சீட்டோடு. தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து மாதிரியானவற்றுக்கு முன்கூட்டியே அனுமதி தேவைப்படலாம், பார்த்துக்கொள்ளுங்கள். அம்மாவின் மாத்திரைகளை டப்பாவில் கலந்து போடாமல் அட்டையோடு எடுத்துப்போனோம். சுங்கத்தில் யாராவது கேட்டால் காட்டச் சுலபம்.

திருச்சி விமான நிலைய வரிசையில் முன்பின் தெரியாத ஒருவர் அம்மாவிடம் வந்தார். "அம்மா, உங்க பெட்டி வெயிட் கம்மியாத்தான் இருக்கும் போல. இந்த ஒரு பையை மட்டும் வச்சுக்கிறீங்களா, அங்க எங்க தம்பி வந்து வாங்கிக்குவான்" என்றார். பாவம், நிஜமாகவே தம்பிக்கு ஊறுகாயாகக்கூட இருக்கலாம். அம்மா கை நீட்டிவிட்டாள். நான் தடுத்தேன். போதைப்பொருள் கடத்தலுக்குத் தூக்குத் தண்டனை கொடுக்கிற நாடு அது. பையில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது என்ற பதில் அங்கே எடுபடுவது கஷ்டம். ஊர்ப்பாசம், மரியாதை எல்லாம் பார்க்கவே கூடாத ஒரு இடம் இது. முகத்தில் அடித்தமாதிரி மறுத்தாலும் பரவாயில்லை.

சாங்கியில் இறங்கினால் கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னால் தள்ள வேண்டும். கேட்க சின்ன விஷயம்தான். ஆனால் உடம்புக்குப் புரிய நாளாகும். அம்மா வழக்கம்போல ஐந்து மணிக்குக் கண்விழித்தால் அங்கே ஏழரை. அதுவே ராத்திரியில் நம் பத்து மணி அங்கே நள்ளிரவு தாண்டி அரை மணி, கடைசி ரயில் போயிருக்கும். பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால் வருஷம் முழுக்க ஏழு மணி வாக்கில் விடிந்து ஏழு மணி வாக்கில்தான் இருட்டுகிறது. பேரங்காடிகள் பத்து மணிக்குத் திறக்கும். அதனால் காலையில் அவசரப்பட்டுக் கிளம்பிப் பயனில்லை, பூங்காவுக்குப் போவதாக இருந்தால் தவிர.

முதல் சில நாள் தேக்காவில் (‘லிட்டில் இந்தியா’ வட்டாரத்தை அங்குள்ள தமிழர்கள் இப்படித்தான் சொல்வார்கள்) அறை எடுத்தோம், கோயில் பக்கத்தில் வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. மலிவான விடுதிகளில் பதிவு செய்யும்போது ‘ஜன்னல் உண்டா’ என்று பாருங்கள். பழைய கடைவீடுகளை மாற்றிய கட்டடங்களில் ஜன்னலே இல்லாத அறைகள் நிறைய. எங்களுக்குக் கிடைத்தது அப்படி ஒன்று. பகலா இரவா என்றே தெரியாமல் அம்மா முதல் நாள் முழுக்க மணி கேட்டுக்கொண்டிருந்தாள். வயதானவர்களோடு போனால் கொஞ்சம் கூடக் கொடுத்தாவது ஜன்னல் வைத்த அறை எடுங்கள்.

விமான நிலையத்திலிருந்து தேக்காவுக்கு டாக்சி தேவையில்லை, பெட்டி குறைவாக இருந்தால். ரயிலில் ஒரே ஒரு நிறுத்தம் போனால் எக்ஸ்போ. அங்கே டவுன்டவுன் தடத்துக்கு மாறலாம். வரைபடத்தைப் பார்க்கிறவர்கள் லிட்டில் இந்தியா நிலையம் வரை உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் அந்தத் தடம் ஜாலான் புசாரைத் தாண்டியதும் சைனாடவுன், மரினா பே பக்கமெல்லாம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் லிட்டில் இந்தியாவுக்கு வருகிறது. ஜாலான் புசாரிலேயே இறங்கி நடந்தால் தேக்காவின் டன்லப் ஸ்திரீட் பக்கம் வந்துவிடலாம். சித்தப்பா மகன் இதைப் போனிலேயே சொல்லியிருந்தான்: "அக்கா, மேப்பை நம்பாத, நான் சொல்ற இடத்துல இறங்கு."

பயணத்துக்கு நம் வங்கி அட்டையையே தட்டிவிட்டுப் போகலாம், வெளிநாட்டு உபயோகத்துக்கு அதைத் திறந்து வைத்திருந்தால். ஆனால் வெளிநாட்டு அட்டை என்றால் உபயோகிக்கிற ஒவ்வொரு நாளுக்கும் 60 காசு கூடுதலாகப் பிடிக்கும், நம் வங்கியின் கட்டணம் வேறு. சில நாள் தங்குவதென்றால் ஈசி-லிங்க் அட்டை மேல். 10 வெள்ளிக்கு வாங்கினால் அதில் 5 வெள்ளி பயணத்துக்கு, மீதி அட்டையின் விலை. ஆளுக்கு ஒன்று வேண்டும், ஒரே அட்டையில் இரண்டு பேர் போக முடியாது. பேருந்தில் ஏறும்போது மட்டுமல்ல, இறங்கும்போதும் தட்ட வேண்டும். தட்டாமல் இறங்கினால் கடைசி நிறுத்தம் வரைக்குமான கட்டணம் போய்விடும். நிறுத்தத்தில் சும்மா நின்றால் பேருந்து நிற்காது என்பதும் முக்கியம். கையைக் காட்ட வேண்டும். நம்மூர் பழக்கம்தான், ஆனால் அவ்வளவு ஒழுங்கான ஊரில் கை காட்டுவது அநாகரிகமோ என்று நின்றுவிடத் தோன்றும்.

நகரும் படிக்கட்டில் இடப்பக்கம் ஒதுங்கி நில்லுங்கள், வலப்பக்கம் ஓடுகிறவர்களுக்கு. அம்மாவுக்கு அதன் வேகம் பயம். எல்லா நிலையத்திலும் லிஃப்ட் இருக்கிறது, எங்கே என்று தேடிப் போனால் போதும். ரயிலுக்குள் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது, அபராதம் 500 வெள்ளி வரை என்று படம் போட்டு எழுதியிருக்கிறது. டுரியான் பழத்துக்கும் அங்கே தடை. தண்ணீரும் இந்தக் கணக்கில்தான் சேரும். சர்க்கரை இறங்கிவிடும் பயம் இருப்பவர்கள் நிலையத்துக்குள் நுழையும் முன்பே எதையாவது சாப்பிட்டுவிடுவது நல்லது. அம்மா முறுக்குப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு நிலையமாக எண்ணிக்கொண்டு வந்தாள்.

சாப்பாட்டுக்கு வருவோம், சொல்ல நிறைய இருப்பது இங்கேதான். லிட்டில் இந்தியா நிலையத்தைத் தாண்டினால் சந்தையும் உணவங்காடியும் சேர்ந்த தேக்கா சென்டர். மதிய நேரம், ஒரு இடம் காலியில்லை. ஒரு மேசையில் ஆள் இல்லை, ஒரு டிஷ்யூ பொட்டலம் மட்டும் கிடந்தது. "யாரோ மறந்துட்டுப் போயிட்டாங்க பாரு" என்று அம்மா அதை எடுத்துக்கொண்டு உரியவரைத் தேடக் கிளம்பிவிட்டாள். பக்கத்து மேசையில் இருந்த சீனப் பெரியவர் சிரித்துக்கொண்டே அதை வாங்கிப் பழைய இடத்தில் வைத்தார். டிஷ்யூ கிடந்தால் இடம் பிடித்தாயிற்று என்று அர்த்தம். சட்டம் எதுவும் இல்லை, ஆனால் யாரும் மீறுவதுமில்லை. அடுத்த நாளிலிருந்து அம்மாவின் கைப்பையில் எப்போதும் இரண்டு பொட்டலம்.

சாப்பிட்டு முடித்தால் தட்டை நாம்தான் கொண்டுபோய் வைக்க வேண்டும். இதற்கு 2021 முதல் சட்டமே உண்டு. தட்டு வைக்கும் இடமும் பல அங்காடிகளில் ஹலால், ஹலால் அல்லாதது என்று இரண்டாகப் பிரிந்திருக்கும். அதைப் பார்த்து வையுங்கள், இதில் மட்டும் அசட்டையாக இருக்கக் கூடாது.

சைவர்களுக்குத் தேக்காவில் கவலையில்லை. 1947 முதல் நடக்கும் கோமள விலாஸ் மாதிரி இட்லி தோசைக் கடைகள் உண்டு. வெளியே போனால்தான் சிக்கல். ‘வெஜிடேரியன்’ என்று எழுதிய சீனக் கடைக்கு நம்பிக்கையோடு அம்மாவைக் கூட்டிப்போனேன். தட்டில் வந்தது அப்படியே ஆட்டுக்கறி, நார் பிரிகிற மாதிரி, எலும்பு மட்டும்தான் இல்லை. சோயாவிலும் காளானிலும் செய்தது, சத்தியமாகச் சைவம் என்று கடைக்கார அம்மாள் ஆங்கிலத்திலும் கையாலும் விளக்கினார். அம்மா கேட்டுக்கொண்டாள், மரியாதையாகத் தலையாட்டினாள், சோற்றையும் கீரையையும் மட்டும் சாப்பிட்டாள். இன்னொன்று, சாதாரணக் கடைகளில் வெறும் காய் என்று தருவதிலும் உலர்ந்த இறாலோ இறால் விழுதோ இருக்கலாம். பிராட்டாவுக்கு (நம் பரோட்டாதான்) ஊற்றும் குழம்பும் பல இடத்தில் மீன் குழம்பு. ‘பருப்பு’ என்று கேட்டு வாங்குங்கள்.

டீ வாங்குவது தனிப் பாடம். ‘தே’ என்று மட்டும் சொன்னால் இனிப்பான கட்டிப்பால் ஊற்றித் தருவார்கள். ‘தே ஓ’ என்றால் பால் கிடையாது, சர்க்கரை உண்டு. ‘தே சி’ என்றால் இனிப்பில்லாத டின் பாலும் சர்க்கரையும். பின்னால் ‘கோசோங்’ சேர்த்தால் சர்க்கரை இல்லை. ஆகச் சர்க்கரைக்காரர்கள் மனப்பாடம் செய்ய வேண்டியது ‘தே சி கோசோங்’. இஞ்சி வேண்டுமென்றால் ‘தே ஆலியா’, குளிர்ச்சியாக வேண்டுமென்றால் ‘பெங்’. "சர்க்கரை இல்லாம ஒரு டீ" என்று விளக்கமாகச் சொன்னபோது தேக்காவில்கூடக் கட்டிப்பால் டீதான் வந்தது, அதன் இனிப்பைக் கடைக்காரர் சர்க்கரைக் கணக்கில் சேர்க்கவில்லை. அம்மா அந்த மூன்று சொல்லைக் கற்றுக்கொண்டதும் தானே போய் வாங்க ஆரம்பித்துவிட்டாள். சீனப் பையன்கள் அவளை ‘ஆன்ட்டி’ என்று கூப்பிட்டது முதலில் ஒருமாதிரி இருந்தது, அப்புறம் பழகிவிட்டது.

குழாய்த் தண்ணீர் குடிக்கலாம், பாட்டில் வாங்கிப் பணத்தைக் கரைக்காதீர்கள். உணவங்காடியில் போட்டிருக்கும் விலைதான் விலை. குளிர்சாதன உணவகங்களில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால், 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் அதன் மேல் 9 விழுக்காடு வரியும் வரும். 100 வெள்ளிக்குச் சாப்பிட்டால் கட்ட வேண்டியது 119 வெள்ளி 90 காசு. டிப்ஸ் வைக்கத் தேவையில்லை.

ஞாயிற்றுக்கிழமை தேக்கா வேறு ஊர். கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை செய்கிற ஆட்கள் விடுதிகளிலிருந்து வந்து இறங்குகிறார்கள். பணம் அனுப்பும் கடைகளில் வரிசை, புல்வெளியில் வட்டமாக உட்கார்ந்து பேச்சு, போனில் குழந்தையின் முகம். கூட்டம் பிடிக்காதவர்கள் அன்று போக வேண்டாம் என்று சிலர் எழுதுகிறார்கள். நான் அதற்கு நேர்மாறாகச் சொல்வேன், அன்றைக்கு ஒருமுறையாவது போங்கள். சுத்தமான ஊர், பளபளப்பான ஊர் என்று நாம் படம் எடுத்துப் போடுவதையெல்லாம் கட்டுகிறவர்கள் இவர்கள்தான்.

"எந்த ஊருக்கா?" என்று ஒரு தம்பி பேச்சுக் கொடுத்தார். அறந்தாங்கிப் பக்கம். தஞ்சாவூர் என்றதும் அம்மாவுக்கு உட்கார இடம் கிடைத்தது. ஈசூனில் தம்பி வீட்டுக்கு எப்படிப் போவது, பிளாக் நம்பரெல்லாம் குழப்பமாக இருக்கிறது என்றேன். "அட்ரஸெல்லாம் விடுங்கக்கா. கடைசியில ஆறு நம்பர் இருக்கும் பாருங்க, அதை மட்டும் போட்டா போதும், கட்டட வாசல்ல கொண்டுபோய் விட்ரும்" என்றார். அங்கே அஞ்சல் குறியீடு ஏறக்குறைய ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனித்தனி. நம்மூர் பின்கோடு மாதிரி ஒரு வட்டாரத்துக்கே ஒன்று அல்ல. அதன் பிறகு டாக்சிக்காரரிடமும் அந்த ஆறு எண்ணைத்தான் காட்டினேன். நாங்கள் பார்த்ததில் பாதி இடத்தை அந்தத் தம்பி பார்த்ததில்லை என்பது பேச்சில் தெரிந்தது. லீவு நாளில் தேக்காவுக்கு வந்துபோவதோடு சரி.

ஈசூனுக்குப் போனதும்தான் ‘தமிழ் இருக்கே’ என்பதன் எல்லை தெரிந்தது. சிங்கப்பூரில் முக்கால்வாசிக்கும் மேற்பட்ட மக்கள் இந்த வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடிகளில்தான் இருக்கிறார்கள். எந்த பிளாக்கிலும் ஒரே இனத்தார் குவிந்துவிடக் கூடாது என்று 1989 முதல் ஒதுக்கீடு வைத்திருக்கிறார்கள். சித்தப்பா மகன் வீட்டுக்கு ஒரு பக்கம் மலாய்க் குடும்பம், இன்னொரு பக்கம் சீனப் பாட்டி. கீழே கடையில் தமிழ் கிடையாது. ஆங்கிலமும் நம் ஆங்கிலம் இல்லை, வேகமாகவும் துண்டு துண்டாகவும் வரும். நாமும் சுருக்கமாகப் பேசினால் சட்டென்று புரிகிறது. "குட் யூ ப்ளீஸ்" என்று ஆரம்பித்தால் பின்னால் வரிசை நீளும். பாட்டிக்கும் அம்மாவுக்கும் பொதுமொழி ஒன்றுகூட இல்லை. ஆனாலும் லிஃப்ட் வாசலில் முழங்கால் வலி பற்றி நீண்ட நேரம் பேசிக்கொண்டார்கள்.

கோயில் என்றால் தேக்காவிலேயே வீரமாகாளியம்மனும் சீனிவாசப் பெருமாளும் உண்டு. நடுப்பகலில் நடை சாத்திவிடுவார்கள், காலையிலோ மாலையிலோ போங்கள். பழமையான மாரியம்மன் கோயில் இருப்பது சைனாடவுனில், சவுத் பிரிட்ஜ் சாலையில். 1819-இல் ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸ் கூட வந்த நாராயண பிள்ளை 1827-இல் அமைத்தது. கொஞ்சம் தள்ளி அதே சாலையில் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய ஜாமியா சூலியா பள்ளிவாசல். சைனாடவுன் என்ற பெயரைக் கேட்டு நம்மாட்கள் பலர் அந்தப் பக்கம் போவதேயில்லை.

மரினா பே, மெர்லயன் எல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். கரையோரப் பூந்தோட்டத்தில் (கார்டன்ஸ் பை தி பே) பெரிய செயற்கை மரங்களின் ஒளிக்காட்சி தினமும் 7.45-க்கும் 8.45-க்கும், இலவசம். தாவரவியல் பூங்காவுக்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது. அம்மாவுக்கு இவை எல்லாவற்றையும் விடப் பிடித்தது மாடிப் பேருந்தின் மேல்தளத்து முன்வரிசை. ஏறக்குறைய இரண்டு வெள்ளியில் ஒரு மணி நேரம் ஊரைக் காட்டிவிடுகிறது. வண்டி நிற்கும்போதே மாடி ஏறி இறங்கிவிட வேண்டும், அவ்வளவுதான். பேருந்திலும் கடைகளிலும் குளிர் எலும்பைத் தொடும், சால்வை எடுத்துப்போங்கள். குடையும். மழை சொல்லாமல் வரும், அரை மணியில் ஓய்ந்துவிடும்.

திரும்புகிற சமயம் எல்லாரும் நகைக்கடைக்குள் நுழைவார்கள். 100 வெள்ளிக்கோ அதற்கு மேலோ வாங்கினால் சுற்றுப்பயணிகளுக்கு வரி திரும்பக் கிடைக்கும், சாங்கியில் பெட்டியைப் போடும் முன்பே அதற்கான இயந்திரத்தில் பதிய வேண்டும். ஆனால் இந்தியப் பக்கத்துக் கணக்கை மறந்துவிடுகிறார்கள். தங்க நகையை வரியில்லாமல் கொண்டுவரும் சலுகை ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்துவிட்டு வருகிறவர்களுக்குத்தான். சுற்றிப் பார்க்கப் போன நமக்கு அது பொருந்தாது. இதைச் சொன்னதும் அம்மா நகைக்கடைப் படியிலிருந்தே திரும்பிக் கோடாலித் தைலம் வாங்கப் போய்விட்டாள், தெருவுக்கே சேர்த்து. தைலம் வாங்குகிறவர்கள் அதைப் பெரிய பெட்டியில் போட்டுவிடுங்கள். கைப்பையில் வைத்தால் எல்லாப் புட்டியையும் ஒரு சின்னத் திரவப் பைக்குள் அடக்கச் சொல்வார்கள், அதில் ஒரு தெருவுக்கான தைலம் கொள்ளாது.